வலிக்காத தோள்

சாவேரியோ தலாரிகோவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்மீதுதான் பொறாமை. அதை ஊருக்கெல்லாம் பங்கு வைக்காமல் மொத்தமாக அந்த ஓர் ஆளுக்கே எடுத்து வைத்திருந்தான். அந்த ஆளின் பெயர் துல்லியோ புரோகோப்பியோ.

இருவருக்கும் இத்தாலியின் தெற்குக் கோடியில் கலாபிரியா மலைமேல் ஒரே கிராமம். துல்லியோ சின்னப் பையனாக அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் அமெரிக்கா வந்தவன். சாவேரியோ மீசை முளைத்த பிறகு வந்தவன். இருவரும் வந்து விழுந்தது ஏரிக்கரையில் இருந்த கெனோஷாவில்தான். சாவேரியோவுக்குப் பித்தளை ஆலையில் வேலை. சந்தைகளில் எவனோடு வேண்டுமானாலும் நிஜமாகவே மல்லுக்கு நின்று சில்லறை சம்பாதித்தான். அதில் அவன் காதுகள் இரண்டும் நசுங்கிக் காலிஃபிளவர் பூவாகிவிட்டன. இடது காது கேட்பதையும் நிறுத்திக்கொண்டது.

துல்லியோவுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அமெரிக்கர்கள் முட்டை வடிவப் பந்து ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், அதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த விளையாட்டில் துல்லியோ ஓடினால் நாலு பேர் தொங்கினாலும் நிற்கமாட்டான். பல்கலைக்கழகமே கூப்பிட்டு இடம் கொடுத்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் விதியை மீறிப் பொய்ப்பெயரில் சிகாகோவில் காசுக்கு ஆடுகிறான் என்று தெரிந்து அதே பல்கலைக்கழகம் வெளியே தள்ளியது. வேறு யாராவது அப்படி வந்து நின்றிருந்தால் ஊர் காறித் துப்பியிருக்கும். துல்லியோவை ரயில் நிலையத்துக்குப் போய் பேண்டு வாத்தியத்தோடு அழைத்து வந்தார்கள். சாவேரியோவும் போய்க் கை தட்டினான். உள்ளங்கைதான் தட்டியது.

வேலை இல்லாமல் நின்றவனை மல்யுத்தக் காட்சி நடத்தும் முதலாளி குபியாக்கிடம் கூட்டிக்கொண்டு போனதே சாவேரியோதான். எப்படி விழவேண்டும், எப்படி மூச்சுத் திணறுவது போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். "சனங்களோட கண்ணப் பாக்காத, தொண்டையப் பாரு. அவங்க எப்ப எச்சி முழுங்குறாங்களோ அப்ப விழு," என்றான். கால்பந்து ஓட்டத்தையே கோதாவுக்குள் கொண்டுவந்து, பந்து இல்லாமல் குனிந்து பாய்ந்து தோளால் இடித்து ஆட்டத்தை முடிக்கும் வித்தையும் சாவேரியோ யோசித்ததுதான். பத்திரிகை அதற்குப் 'புரோகோப்பியோ பாய்ச்சல்' என்று பெயர் வைத்தது.

அந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது என்பது குபியாக்கின் அறையில் சுருட்டுப் புகைக்கு நடுவே முடிவாகும். கோதாவில் நடப்பது அதை ஊரை நம்பவைப்பது. நல்ல மல்லன் போடும் பிடி தோளில் போட்ட கோட்டு மாதிரிதான் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் யாருக்கும் தெரியாமல் ஒருவர் கையை ஒருவர் ஒரு தடவை அழுத்திக்கொள்வார்கள். மனசில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதையெல்லாம் வெளியாளிடம் சொல்லக்கூடாது. பெண்டாட்டியிடம் கூடாது, பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடமும் கூடாது. சொன்னவன் பிறகு எந்த ஊர்க் கோதாவிலும் காலை வைக்க முடியாது.

குபியாக் முடிவு செய்தது இதுதான்: ஒரே ஊர்க்காரர்கள், உயிர் நண்பர்கள், கோதாவில் எதிரிகள். எப்போதும் துல்லியோவே ஜெயிப்பான். சாவேரியோ பாய்ச்சலை வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு மேலே பறந்து போய் விழுவான். மில்வாக்கியில் விழுந்தான், சிகாகோவில் விழுந்தான், சொந்த ஊரிலும் விழுந்தான். சம்பளம் வந்தது. அதில் குறை இல்லை. குறை வீட்டில்தான் இருந்தது.

வீட்டில் மனைவி நூன்சியாத்தா கற்பூர எண்ணெயோடு காத்திருப்பாள். வாசற்படியிலிருந்தே நொண்டிக்கொண்டு வரவேண்டும், அதுவும் தொழில் விதி. இடது தோள் என்று அவன் ஆரம்பத்தில் எப்போதோ சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இடது தோளையே தேய்த்தாள். அவன் முனகினான்.

"அவன் உன்னைப் பூ மாதிரி இறக்கி வெக்கிறான்," என்பாள் தேய்த்துக்கொண்டே. "அந்தக் கைய வெச்சு ஒரு மாட்டோட கழுத்தத் திருகலாம். ஆனா உன் மேல ஒரு கீறல் விழ விடமாட்டேங்கிறான். பெரிய மனசு அவனுக்கு."

சாவேரியோவுக்கு வயிறு எரியும். அட, அது நானே வாங்கிக்கொள்ளும் தோல்வி, அவன் பெரிய மனசும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை என்று கத்தத் தோன்றும். கத்த முடியாது. முனகத்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துல்லியோவே சாப்பிட வருவான், ஏனென்றால் சாவேரியோவின் மகள் ரொசீனாவுக்கு அவன்தான் ஞானத்தகப்பன். அந்த உறவில் ஆண்கள் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்று அழைத்துக்கொள்வார்கள். நூன்சியாத்தா முதல் தட்டை அவனுக்கு வைப்பாள். பெரிய இறைச்சி உருண்டையும் அவன் தட்டில்தான் இருக்கும்.

"கும்பாரே, தோள் எப்படி இருக்கு?" என்று துல்லியோ அவள் எதிரில் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்பான்.

"இருக்கு," என்பான் சாவேரியோ.

ஒரே ஒரு தடவை இவனை எல்லார் கண்ணெதிரிலும் மண்ணைக் கவ்வ வைக்கவேண்டும், நூன்சியாத்தா முன் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்க்கவேண்டும். சாவேரியோ இதைத் தவிர மாதாவிடம் வேறெதையும் வேண்டிக்கொண்டதில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. சாவேரியோ முதல் ஆளாகப் பட்டாளத்துக்குப் போய் நின்றான். மருத்துவர் அவன் இடது காதில் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த குளிர்காலத்தில், ஒரு நாள் காலை, இத்தாலியர் மன்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் எதிரில் நல்ல தொப்பி போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். விட்கோம் என்று பெயர் சொன்னார். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை.

"மிஸ்டர் புரோகோப்பியோவப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்," என்றார். "அரசாங்க வேலை. எதிரி நாட்டுக்குள்ள. உங்க ஊர்ப் பேச்சு பேசத் தெரிஞ்ச ஆள் வேணும். நீங்க அவரோட நெருங்கின நண்பர்னு சொன்னாங்க."

சாவேரியோ காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "எங்க ஊர்ப் பேச்சா? அவன் பேசுறதுல பாதி அமெரிக்கா கலந்திருக்கும். என்னைக் கேளுங்க. நான் மீசை வெச்ச அப்புறம்தான் கப்பலேறினேன். என் பேச்சக் கேட்டா அங்க ஆடுகூடத் திரும்பிப் பாக்கும். காது ஒண்ணுதான் மந்தம், இன்னொண்ணு நல்லா கேக்கும். நானே வர்றேன்."

விட்கோம் மரியாதையாகச் சிரித்தார். "உங்கள மில்வாக்கியில பாத்திருக்கேன், மிஸ்டர் தலாரிகோ. கயிறுக்கு மேல பறந்து வந்து என் மடியில விழப் பாத்தீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு ஜெயிக்கிற ஆள்தான் வேணும்."

அவ்வளவுதான். அத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தது அப்படியே கொட்டியது.

"ஜெயிக்கிற ஆளா? யாரு? அவனா?" சாவேரியோ மேசையைத் தட்டினான். "யாரு ஜெயிக்கணும்னு குபியாக் முடிவு பண்றான் சார். எல்லாம் நாடகம். அவன் பிடியில ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகாது. எப்படி விழணும்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தவனே நான்தான். வாரா வாரம் ஆயிரக்கணக்கான சனங்க மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றான். பெத்த தாய்கிட்ட சொல்றான், அந்தக் கிழவி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாதாகோயில்ல மெழுகுவர்த்தி ஏத்துது. என் வீட்டுலயே உக்காந்து என் பொண்டாட்டி போட்ட சோத்தத் தின்னுக்கிட்டு, 'தோள் எப்படி இருக்கு'ன்னு கேக்குறான். கண்ணு கூட இமைக்காது. கல்லூரில படிக்கும்போதே பொய்ப் பேர்ல ஆடுனவன்தான சார். உடம்பு முழுக்கப் பொய். அவன நம்பிப் போருக்கு அனுப்பாதீங்க."

விட்கோம் குறுக்கே பேசவே இல்லை. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இத்தனை வருஷமா யாரும் கண்டுபிடிக்கலையா?"

"ஒருத்தன்கூட இல்ல."

"குடிச்சாக்கூட உளறினதில்லையா?"

"குடிப்பான். உளறமாட்டான்."

"நீங்களும் இதுவரைக்கும் வெளியில சொன்னதில்ல?"

"சத்தியமா இல்ல. எங்க தொழில்ல இதைச் சொன்னா செத்ததுக்குச் சமம்."

"அப்ப என்கிட்ட ஏன் சொன்னீங்க?" என்று கேட்டார் விட்கோம்.

கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விட்கோம் அவன் கையைக் குலுக்கி, காப்பிக்குக் காசு வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டார், நான் சொன்னதை நம்பினார் என்று சாவேரியோ நினைத்துக்கொண்டான். நம்பினார் என்பது மட்டும் சரி.

சில வாரங்களில் துல்லியோ ஊரில் இல்லை. வாஷிங்டனில் ஏதோ கிடங்கில் பட்டாளத்துக்கு மக்ரோனி மூட்டை எண்ணுகிறானாம் என்று அவன் அம்மா சொன்னாள். ஊர் சிரித்தது. சாவேரியோ மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகமாகச் சிரித்தான். மக்ரோனி எண்ணட்டும். கோதாவில் பாய்ந்தவன் மூட்டை தூக்கட்டும். தன் வார்த்தை போய்த் தைத்த இடம் சரியான இடம்தான் என்று போர் முடியும்வரை நிம்மதியாகத் தூங்கினான். இந்த நிம்மதிக்காக அவன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

போர் முடிந்து இலையுதிர்காலத்தில் துல்லியோ திரும்பி வந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. இடது கையில் ஒரு விரல் வளைந்து போய் நிமிரவே இல்லை. எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "மக்ரோனி" என்றான். நூன்சியாத்தா அவனைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்பில் கட்டிய ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள்.

கெனோஷாவின் குளிர் அத்திமரத்துக்கு ஆகாது. நவம்பரில் கிளைகளை வளைத்துக் கயிறு கட்டி, பழைய மெத்தையும் தார்ப்பாயும் சுற்றிவிடவேண்டும். சாப்பாடு முடிந்ததும் இருவரும் கொல்லையில் அந்த வேலையில் இறங்கினார்கள். துல்லியோ கிளையை அணைத்துப் பிடித்தான், சாவேரியோ கயிற்றைச் சுற்றினான்.

"கும்பாரே," என்றான் துல்லியோ மெதுவாக. "விட்கோம் எனக்குச் சொன்னாரு."

சாவேரியோ கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"முதல்ல என்னை அடியாள் வேலைக்குத்தான் பாத்தாங்களாம். அதுக்கு என்னைவிடப் பலசாலிங்க நிறைய பேரு இருந்தாங்க, என் பேர அடிச்சிருப்பாங்க. அப்பத்தான் நீ சொன்னியாம். வருஷக்கணக்கா ஒரு ஊரையே ஏமாத்தி, பெத்த தாய்கிட்டயே மூச்சு விடாதவன் இவன்னு. அவங்களுக்கு அந்த மாதிரி ஆள்தான் வேண்டியிருந்துச்சு. ஒரு ஊர்ல பல மாசம் வேற ஒருத்தனா இருந்தேன். அதுக்கு மேல சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுல ஜெர்மன்காரன். தினமும் காலையில அவனுக்கு வணக்கம் சொல்லணும். கண்ணப் பாக்காத, தொண்டையப் பாருன்னு நீ சொன்னதுதான் என்னை உசுரோட வெச்சிருந்துச்சு."

துல்லியோவின் கண்கள் கலங்கின. இது நடிப்பில்லை.

"நம்ம தொழில் விதிய எனக்காக மீறியிருக்க. அது உனக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். இந்தக் கடன நான் தீப்பேன்."

சாவேரியோ கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். கால்பந்து அவனுக்கு, கோதா அவனுக்கு, பெரிய உருண்டை அவனுக்கு, இப்போது போரும் அவனுக்கு. அதையும் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறான். தான் சும்மா இருந்திருந்தால் துல்லியோ நிஜமாகவே மக்ரோனி எண்ணியிருப்பான்! வெட்கமும் வந்தது. ஆனால் பொறாமை அதற்கு முன்னாடியே வந்து இடம் பிடித்துக்கொண்டது. "கிளைய நல்லாப் பிடி," என்றான்.

ஜூலையில் கார்மேல் மாதா திருவிழா. தேர் தெருவைச் சுற்றி வந்த பிறகு, கோயில் மைதானத்தில் பிற்பகல் வெயிலில் கோதா போட்டிருந்தார்கள். துல்லியோ திரும்பி வந்து ஆடும் முதல் ஆட்டம். குபியாக்கின் முடிவில் மாற்றம் இல்லை: பாய்ச்சல், பறத்தல், துல்லியோ. நூன்சியாத்தா முன் பெஞ்சில் ரொசீனாவோடு உட்கார்ந்து எலுமிச்சை ஐஸ் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். ஊர் முழுவதும் "துல்லியோ! துல்லியோ!" என்று தொண்டை கிழியக் கத்தியது. அவன் அம்மா செபமாலையை உருட்டினாள்.

ஆட்டம் சூடு பிடித்தபோது துல்லியோ பின்னாலிருந்து வந்து சாவேரியோவின் கையை முறுக்கித் தோள்பிடி போட்டான். பழைய பிடிதான். கோட்டு மாதிரி. இருவர் தலையும் ஒட்டியிருந்தன.

"கும்பாரே," என்றான் கேட்கிற காதுக்குள். "இன்னிக்கு நீ ஜெயிக்கிற. நான் பாயும்போது நகந்துக்கோ. விழுறேன். மேல வந்து படு. குபியாக்க நான் பாத்துக்கறேன்."

முன் பெஞ்சில் நூன்சியாத்தா தெரிந்தாள். அவன் மாதாவிடம் கேட்டதெல்லாம் அப்படியே ஒரு தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. அதையும் துல்லியோதான் நீட்டுகிறான். பெரிய மனசோடு.

"உன் பிச்சை எனக்கு வேணாம்," என்றான் சாவேரியோ.

"பிச்சை இல்லடா, கடன்."

"என்னடா கடன்? உனக்கு நல்லது பண்ணவா நான் சொன்னேன்?" சாவேரியோவின் வாய் அன்று மன்றத்தில் கழன்றது போலவே இன்றும் கழன்றது. "உன்னைத் தூக்கி எறியட்டும்னு சொன்னேன். உன் மானம் போகட்டும்னு சொன்னேன். அந்த ஆளு அதைத் தலைகீழா எடுத்துக்கிட்டான். கேட்டுக்க."

பின்னால் மூச்சு நின்றது. கூட்டம் கத்திக்கொண்டுதான் இருந்தது.

"தெரியாமலே இருந்திருக்கலாம்," என்றான் துல்லியோ.

பிறகு பிடி இறுகியது. சாவேரியோவுக்கு முதலில் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. வலது தோளுக்குள் ஏதோ ஒன்று இடம் பெயர்ந்து முனகியது. கண்ணில் பூச்சி பறந்தது. சந்தையில் கரடி மாதிரி ஆட்களோடெல்லாம் நிஜமாக மோதியவன் அவன். இப்படி ஒரு கை அவன்மேல் விழுந்ததே இல்லை. இது எப்போதும் இங்கேதான் இருந்திருக்கிறது. இத்தனை வருடமும், ஒவ்வொரு ஆட்டத்திலும், இந்தக் கையைத்தான் துல்லியோ கோட்டு போலப் போட்டிருக்கிறான். கோழிக்குஞ்சு என்று சொன்னது சாவேரியோவின் காதிலேயே திரும்ப ஒலித்தது. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக நடிக்காமல் அலறினான். நடுவர் ஓல்சன் அதிர்ந்து போய்க் குனிந்து பார்த்தான்.

பிடி தளர்ந்தது. துல்லியோ கயிறுவரை போய்த் திரும்பிக் குனிந்து பாய்ந்து வந்தான். சாவேரியோ நகரவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். துல்லியோவே பாதி வழியில் சறுக்கி, சாவேரியோ அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தபடியே, முதுகு முழுவதும் சத்தம் வரும்படி மல்லாந்து விழுந்தான்.

"படு," என்றான் உதடு அசையாமல். "சொன்னா சொன்னதுதான்."

சாவேரியோ அவன்மேல் சரிந்தான். ஓல்சன் தரையைத் தட்டி எண்ணினான். கூட்டம் ஊமையாகிவிட்டது. கீழே கிடந்த கையைச் சாவேரியோ தேடிப் பிடித்து ஒரு தடவை அழுத்தினான். அந்தக் கை திருப்பி அழுத்தவில்லை.

வெற்றி பெற்றவனின் கையை உயர்த்த ஓல்சன் வலது கையைப் பிடித்தான். அது எழும்பவில்லை. சுற்றி வந்து இடது கையை உயர்த்தினான். துல்லியோ கயிற்றைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனான்.

வீட்டில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அத்திமரத்தில் காய் பிடித்திருந்தது. நூன்சியாத்தா கற்பூர எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்து, பழக்கத்தில் இடது தோளில் கையை வைத்தாள்.

"அது இல்ல," என்றான் சாவேரியோ. "இன்னொண்ணு."

அவள் சட்டையை விலக்கினாள். தோள் வீங்கிப் போயிருந்தது. அதன்மேல் நாலு விரல்களின் தடம் கருநீலமாக ஏறியிருந்தது, பக்கத்தில் வளைந்த ஐந்தாவது. நல்லா இருந்துச்சு ஆட்டம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.

"எட்டு வருஷமா அந்தத் தோளத் தேய்க்கிறேன்," என்றாள் நூன்சியாத்தா. "அடிபட்ட தோளு எது, படாத தோளு எதுன்னு என் கைக்குத் தெரியாதா? மொத வாரத்துலயே தெரியும். உங்க தொழில்ல சொல்லக்கூடாது போல, சரி, முனகிட்டுப் போன்னு விட்டேன். அவன் உன்னைப் பூ மாதிரி இறக்கி வெக்கிறான்னு நான் வாய்க்கு வந்ததையா சொன்னேன்?"

சாவேரியோ அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. தோள் விண்விண்ணென்று தெறித்தது.

"இன்னிக்குத்தான் அவன் உன் மேல நெசமா கை வெச்சிருக்கான்," என்றாள். எண்ணெய்ப் புட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை அவன் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ அவன என்ன பண்ணின?"